மொரிசியஸ் பயணம்: விடுதிக் கடற்கரையைத் தவிர வேறு எவற்றைப் பார்க்கலாம்?

ஆயர் ஈத்தாம் வாசகர்:

குழும அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு மொரிசியஸ் தீவுக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறோம். என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். நன்றாக நடப்பார், ஆனால் மலையேற இயலாது. மகனுக்குப் பறவைகள் மீது தீராத ஆர்வம். மகளுக்குக் கடல் இருந்தால் போதும். பயண முகவர் தந்த திட்டத்தில் கிழக்குக் கரையில் ஒரு விடுதி, இல் ஓ செர்ஃப் என்னும் சிறு தீவுக்குப் படகுப் பயணம், தென்மேற்கில் ஒருநாள் சுற்றுலா, தலைநகர் போர்ட் லூயிசில் கடைவீதி ஆகியவை மட்டுமே உள்ளன. பினாங்கின் பத்து ஃபிரிங்கி, லங்காவி ஆகிய கடற்கரைகளைப் பார்த்து வளர்ந்த நாம், இந்தியப் பெருங்கடலைக் கடந்து சென்ற பிறகும் விடுதி மணலிலேயே பொழுதைக் கழிக்கத்தான் வேண்டுமா? அந்தத் தீவுக்கே உரிய இயற்கைக் காட்சிகள் எவை, அவற்றுள் முதியவர்களும் காணக்கூடியவை எவை, தைப்பூசத்தை ஒட்டிச் செல்வது ஏற்றதா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர்:

ஐயா, உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. முதன்மைத் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைப் போல ஆறு மடங்குக்கும் அதிகம். உங்கள் முகவர் ஒரே நாளில் முடித்துவிட நினைக்கும் தென்மேற்குப் பகுதிதான் இத்தீவின் உயிர்நிலை. அதற்குக் குறைந்தது மூன்று நாள்களாவது ஒதுக்குங்கள். மற்றவற்றைப் பிறகு திட்டமிடலாம்.

மலேசியர்களான நாம் அங்கே செல்லும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம்முடைய காடுகள் உயரமானவை, அடர்த்தியானவை. பினாங்கிலுள்ள நம் கொடிமலையை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதைவிடப் பெரிய காட்டைக் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்; அங்குள்ள மேட்டுநிலக் காட்டு மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை. ஆனால் அந்தத் தீவு ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடலடி எரிமலைகளிலிருந்து எழுந்தது. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே புலியோ யானையோ மானோ அங்கே சென்று சேர வழியே இல்லை. தரைவாழ் பாலூட்டிகளில் வௌவால்கள் மட்டுமே தாமாகப் பறந்து சென்று குடியேறின. காற்றாலும் அலையாலும் சிறகாலும் வந்துசேர்ந்த சில உயிர்கள் பகையின்றிப் பல்லாயிரம் தலைமுறைகள் வாழ்ந்து, உலகில் வேறெங்கும் காண முடியாத வடிவங்களாக மாறின. பறக்க மறந்த புறா இனமான டோடோ அவற்றுள் ஒன்று. டச்சுக்காரர்கள் 1638-இல் அங்கே குடியேறினார்கள். டோடோவை உயிரோடு கண்டதாகப் பெரும்பாலோர் ஏற்கும் கடைசிப் பதிவு 1662-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் இனம் அழிய ஒரு மனித வாழ்நாள்கூடத் தேவைப்படவில்லை.

கரும்பும் ஜாவா மானும் 1639-இல் வந்தன; எலியும் பன்றியும் குரங்கும் வந்து சேர்ந்தன. அந்தக் குரங்கு நமக்கு அயலானதன்று. நம் தாவரவியல் பூங்காவில் கைப்பையைப் பறிக்கும் அதே நீள்வால் குரங்குதான். இங்கே அது மண்ணின் மைந்தன். அங்கே கூடுகளைக் கலைத்து முட்டையையும் குஞ்சையும் தின்னும் அயல் உயிரி. இன்று நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் பூர்விகக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அந்த எச்சத்தின் பெரும்பகுதியைக் காக்கவே 1994-இல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது.

உங்கள் மகனை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மொரிசியஸ் வல்லூறு 1974-இல் இயற்கைச் சூழலில் நான்கே நான்கு எஞ்சியிருந்தன. உலகின் மிக அரிய பறவை என்று அன்று கருதப்பட்டது. கார்ல் ஜோன்ஸ் என்னும் உயிரியலாளர் வந்தபின், முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கச் செய்து, தாய்ப்பறவையை மறுபடி முட்டையிடத் தூண்டி, வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டு எண்ணிக்கையை நூற்றுக்கணக்காக உயர்த்தினார்கள். இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் பத்துப் பறவைகள் அளவுக்குக் குறைந்து, இன்று நானூறைத் தாண்டியிருக்கிறது. பெத்ரின் என்னும் மேட்டுப்பகுதியில் காலை வேளையில் பொறுமையோடு காத்திருந்தால் அந்தப் புறாவைக் காணும் வாய்ப்பு உண்டு.

தாயாருக்குக் கவலை வேண்டாம். பள்ளத்தாக்கு முழுவதையும் கடல்வரை காட்டும் காட்சிமுனை, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ளது. வழியில் சாலையோரம் சிவந்த சிறு கொய்யாப் பழங்களைப் பறித்துக்கொண்டிருப்போரைக் காண்பீர்கள். பழம் சுவையானதுதான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடிதான் பூர்விகக் கன்றுகளை முளைக்கவிடாமல் நெரிக்கிறது. வேலியிட்டு, கொய்யாவை வேரோடு அகற்றிய பகுதிகளில் மட்டுமே பழைய காடு மீண்டும் தலையெடுக்கிறது.

அங்கிருந்து இறங்கினால் ஷமரெல். எரிமலைப் பாறையான பசால்ட்டு வெப்பத்திலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாகி, கரையக்கூடிய கனிமங்கள் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய நிலம் அது. சிவப்பு, பழுப்பு, ஊதா என மேடுமேடாக வண்ணம் பிரிந்து கிடக்கிறது. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான பரப்பே என்பதால், விளம்பரப் படங்களைப் பார்த்துப் பாலைவனம் போன்ற விரிவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மழையில் அரித்துச் செல்லப்படாமல் அந்த மேடுகள் நிலைத்திருப்பதும், புல்கூட முளைக்காததும் நின்று பார்க்கத் தக்கவை. காலை வெயில் சாய்ந்து விழும்போது செல்லுங்கள்; நண்பகலில் நிறங்கள் வெளுத்துத் தெரியும். அருகிலுள்ள ஷமரெல் அருவி, எண்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுகிறது. எதிர்ப்புற மேடையிலிருந்து அனைவரும் காணலாம்.

செந்தூல் வாசகர்:

ஆசிரியர் ஐயா கூறியவற்றை ஏற்கிறேன். எனினும் கடலைக் கடைசிக்குத் தள்ளுவதை ஏற்க இயலவில்லை. அக்கடலும் அத்தீவுக்கே உரிய இயற்கைதான். பினாங்கைச் சூழ்ந்த நீரிணை ஆழம் குறைந்தது. ஆற்று வண்டலும் சேறும் கலந்து எப்போதும் கலங்கியே இருக்கும். மொரிசியசையோ ஏறத்தாழ முழுவதுமாகப் பவளத்திட்டு வளைத்திருக்கிறது. பேரலைகள் தொலைவிலேயே அத்திட்டில் மோதி வெண்கோடாக உடைந்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் இடுப்பளவு ஆழத்தில் அசைவின்றித் தெளிந்து கிடக்கிறது. ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடாததால் அங்கே மட்டும் திட்டில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றன. மீனவர் படகுகள் அவற்றின் வழியாகத்தான் வெளிக்கடலுக்குச் செல்கின்றன.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க விரும்பினால், தென்கோடியில் சூயாக் ஊரை அடுத்த கிரி கிரி முனைக்குச் செல்லுங்கள். அங்கே பவளத்திட்டு கிடையாது. தென்கடல் அலைகள் தடையேதுமின்றி வந்து கரும்பாறைச் செங்குத்தில் அறைகின்றன. நீரில் இறங்கவே கூடாது. ஆனால் பவளத்திட்டு ஒரு தீவுக்கு என்ன காவல் செய்கிறது என்பதை அரை மணி நேரத்தில் உணர்ந்துகொள்ளலாம்.

மகளுக்கும் தாயாருக்கும் ஒருசேர ஏற்ற இடம் தென்கிழக்கிலுள்ள ப்ளூ பே கடற்பூங்கா. இது 2008 முதல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் உள்ளது. கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்தபடியே பவளங்களைப் பார்க்கலாம். நீரில் கால் வைக்கத் தேவையில்லை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறிய ஆண்டுகளில் இங்கும் பவளங்கள் வெளுத்தன என்பதால், எல்லா இடமும் வண்ணமயமாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்களிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆண்டின் நடுப்பகுதியில், அதாவது அங்கே குளிர்காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் விடாது வீசும். அந்தக் காலத்தில் செல்வதாயின் மேற்குக் கரையில் தங்குங்கள். மலைகள் காற்றை மறைப்பதால் அங்கே கடல் அமைதியாக இருக்கும்; ஆசிரியர் சொல்லும் தென்மேற்கும் அருகிலேயே அமையும்.

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர்:

செந்தூல் அன்பர் கடலுக்காக வாதாடியது நன்று; ப்ளூ பேயை நினைவூட்டியது அதைவிட நன்று. அங்கிருந்து பார்த்தாலே தெரியும் இல் ஓ எய்க்ரெட் என்னும் 26 ஹெக்டேர் பவளக்கல் தீவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாட்டில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்று யாரேனும் கட்டாயப்படுத்தினால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

1965-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அத்தீவை இன்று மொரிசியஸ் வனவுயிர் அறக்கட்டளை பராமரிக்கிறது. எலிகளையும் பூனைகளையும் முற்றாக அகற்றினார்கள். அயல் செடிகளைக் களைந்தார்கள். கரையோரக் கருங்காலிக் காட்டை மீட்டெடுத்தார்கள். கருங்காலி விதைகளை ஒருகாலத்தில் விழுங்கிப் பரப்பிய மொரிசியசின் பேராமை இனங்கள் மாலுமிகளின் உணவாகி அழிந்துபோயின. அந்த வேலையைச் செய்ய ஆளில்லாமல், தாய்மரத்தின் அடியிலேயே பழங்கள் அழுகிக் கிடந்தன. ஆகவே செஷெல்ஸ் நாட்டின் அல்தாப்ரா பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்று, தீவெங்கும் நடந்து விதைகளைப் போட, இன்று மனிதர் நடாத இடங்களில் கருங்காலிக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அழிந்த ஓர் உயிரின் பணியை வேறோர் உயிரிடம் ஒப்படைத்து அது பலித்ததைக் கண்ணால் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. இளஞ்சிவப்புப் புறாவை உங்கள் மகன் தலைக்கு மேலேயே பார்க்கக்கூடும். டெல்ஃபேர் அரணை காலடியில் ஓடும்.

2020 ஜூலை 25-ஆம் நாள் வகாஷியோ என்னும் சரக்குக் கப்பல் இதற்கு அருகிலுள்ள பவளத்திட்டில் மோதி நின்றது. பின்னர் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் காயலில் கசிந்தது. மக்கள் அரசாணைக்குக் காத்திராமல் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து மிதவைத் தடுப்புகள் செய்து கரையைக் காக்க முனைந்தார்கள். அறக்கட்டளையினர் அரிய செடிகளையும் சில பறவைகளையும் ஊர்வனவற்றையும் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றினார்கள். அங்கே நுழைவுக் கட்டணமாகச் செலுத்துவது இந்த மீட்புப் பணிக்கே உதவுகிறது. இல் ஓ செர்ஃப் படகுப் பயணத்துக்குரிய பொழுதையும் பணத்தையும் இதற்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

பாலிக் புலாவ் வாசகர்:

ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் பாம்ப்ல்மூஸ் தாவரவியல் தோட்டத்தை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டச்சுக்காரர்கள் மலுக்குத் தீவுகளில் பூட்டி வைத்திருந்த ஜாதிக்காயையும் கிராம்பையும் 1770 வாக்கில் அவர்கள் கண்ணில் படாமல் கொண்டுவரச் செய்து, இந்தத் தோட்டத்தில் நட்டவர் பிரெஞ்சு நிர்வாகியான பியேர் புவாவ்ர். அதே இன மரங்களை ஆங்கிலேயர்கள் பிற்காலத்தில் மலுக்குத் தீவுகளிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவந்ததால்தான் எங்கள் ஊரில் இன்றும் ஜாதிக்காய் ஊறுகாயும் சாறும் விற்கிறார்கள். நம் தாவரவியல் பூங்கா 1884-இல் தொடங்கப்பட்டது. பாம்ப்ல்மூஸ் தோட்டமோ அதைவிட நூறாண்டுக்கும் மேல் மூத்தது.

ஓர் ஆள் படுக்கலாம் போன்ற அகலத்தில் இலை விரிக்கும் அமேசான் பேரல்லிக் குளத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு தாளிப்பனை. நம் முன்னோர் சுவடி எழுதப் பயன்படுத்திய ஓலைகளுள் இதன் ஓலையும் உண்டு. பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை உச்சியில் பூத்துக் காய்த்து, அத்தோடு பட்டுப்போகும். பூத்த மரத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் அது நல்லூழ்தான். நிலம் சமதளம், அம்மா விரும்பிய இடத்தில் அமர்ந்து இளைப்பாறலாம்.

ஜெலுத்தோங் வாசகி:

ஐயா, தைப்பூசம் பற்றிய கேள்விக்கு நான் விடை எழுதுகிறேன். அங்கே தைப்பூசக் காவடி நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. பினாங்கிலுள்ள நம் தண்ணீர்மலை முருகன் கோயிலை நினைவூட்டும் வகையில், காத்ர் போர்ன் நகருக்கு மேலே கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் உண்டு. காவடிகள் படியேறும்போது பின்னால் பாறைமுகடு நிமிர்ந்து நிற்கும் காட்சி மறக்க முடியாதது. ஆயினும் ஜனவரியும் பிப்ரவரியும் அங்கே சூறாவளிப் பருவத்தின் உச்சம். எச்சரிக்கை நிலை உயர்ந்தால் கடைகளும் பேருந்துகளும் நின்றுவிடும், விமானங்கள் தள்ளிப்போகும். முதியவரோடும் பிள்ளைகளோடும் இயற்கையைப் பார்க்கச் செல்கிறீர்கள் என்றால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே சிறந்தவை என்பது என் கருத்து. திருவிழாவுக்காகவே செல்வதென்றால் கூடுதலாகச் சில நாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுநிலத்தில் இரண்டு எரிமலைவாய்களை எளிதாகப் பார்க்கலாம். க்யூர்பிப் நகரிலுள்ள த்ரூ ஓ செர்ஃப்பின் விளிம்புவரை வண்டியே செல்லும். மரங்கள் அடர்ந்த குழியும், சுற்றிலும் தீவின் மலைகளும் தெரியும். மற்றொன்று கிராண்ட் பேசின் என்னும் கங்கா தலாவ் ஏரி. மகா சிவராத்திரிக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நடந்தே வரும் புண்ணியத் தலம். 33 மீட்டர் உயரமுள்ள சிவன் சிலையை முதலில் பார்ப்பீர்கள். அங்கேயே திரும்பிவிடாமல் ஏரிக்கரைக்கு இறங்கி வாருங்கள். மூடுபனி நீரின்மேல் நகரும் காலைப்பொழுதில் என் மாமியார் அங்கிருந்து எழ மறுத்துவிட்டார்.

நம்மவர்கள் காண வேண்டிய மற்றோர் இடம், போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிய ஆப்ரவாசி காட். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிப் பதிவுசெய்யப்பட்ட குடியேற்ற நிலையம். 2006-இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் நாள்களைக் கழித்தபின் செபெராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆப்ரவாசி காட்டிலுள்ள கற்படிகளைக் காணும்போது யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. அம்மாவை அங்கே அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.

தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் லெ மோர்ன் மலையும் 2008 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. 556 மீட்டர் உயரமுள்ள அந்தச் செங்குத்துப் பாறையின் குகைகளில் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1-ஆம் நாள் அடிமைமுறை ஒழிந்ததை அறிவிக்க வந்த காவலர்களைக் கண்டு, தம்மைப் பிடிக்க வருவதாக அஞ்சிச் சிலர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். மேற்பகுதி ஏற்றம் செங்குத்தானது. மகனுக்கு நல்ல வழிகாட்டி வேண்டும், விடியலிலேயே புறப்பட வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்:

ஆசிரியர் ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற அன்பர்களுக்கும் நன்றி. கிழக்குக் கரை விடுதியை நீக்கிவிட்டு, மேற்கே சில நாள்களும் தென்கிழக்கிலுள்ள மாயேபூர் அருகே சில நாள்களும் தங்குமாறு முகவரிடம் கேட்டிருக்கிறேன். மேலும் சில ஐயங்கள். லெ மோர்ன் அருகே கடலுக்கடியில் அருவி விழுவதாகப் பிள்ளைகள் படம் காட்டுகிறார்கள்; அது உண்மையா? மேற்குக் கரையிலுள்ள தாமரின் கடலில் ஓங்கில்களை (டால்பின்களை) காணும் படகுப் பயணம் போகலாமா? ரோட்ரிக்ஸ் தீவுக்கும் செல்வது தகுமா? இல் ஓ எய்க்ரெட் பயணம் அம்மாவுக்கு இயலுமா?

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர்:

கடலடி அருவி என்பது கண்ணை மயக்கும் தோற்றம். காயலின் ஆழமற்ற தரையிலுள்ள மணலையும் வண்டலையும் நீரோட்டம் திட்டின் இடைவெளி வழியாக ஆழ்கடற்சரிவை நோக்கி இழுத்துச் செல்கிறது. மேலிருந்து பார்த்தால் நீரே விழுவதுபோலத் தோன்றுகிறது. கரையிலிருந்தோ படகிலிருந்தோ தெரியாது, வானூர்தியிலிருந்து மட்டுமே தெரியும். அதற்கான கட்டணத்தைக் கொண்டு நீங்கள் ரோட்ரிக்ஸ் பயணத்தையே பெருமளவு முடித்துவிடலாம்.

ஓங்கில்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரைதேடிவிட்டுக் காலையில் ஓய்வெடுக்கவே அந்த விரிகுடாவுக்கு வருகின்றன. பல படகுகள் சூழ்ந்து, ஆள்கள் நீரில் குதித்துத் துரத்தும்போது அவற்றின் உறக்கம்தான் கெடுகிறது. துரத்தாமல் தொலைவில் நிற்க ஒப்புக்கொள்ளும் படகோட்டி கிடைத்தால் செல்லுங்கள், இல்லையேல் தவிர்த்துவிடுங்கள்.

ரோட்ரிக்சுக்குக் கட்டாயம் செல்லுங்கள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கிழக்கே, விமானத்தில் ஒன்றரை மணி நேரம். 108 சதுர கிலோமீட்டரே உள்ள வறண்ட தீவு. அதைச் சூழ்ந்த காயலோ தீவைப்போல இருமடங்கு பெரியது. நீர் வடியும் வேளையில் பெண்கள் நீண்ட கம்பிகளோடு காயலில் நடந்து சாக்குக்கணவாய் பிடிப்பதையும், அதைக் கரையோரக் கழிகளில் உலர்த்தியிருப்பதையும் காணலாம். பிடிப்பு மிகவும் குறைந்துவிட்டதால் 2012 முதல் ஆண்டுதோறும் சில வாரங்கள் பிடிக்கத் தடை விதித்து வளத்தை மீட்டுவருகிறார்கள். பிரான்சுவா லெகா காப்பகத்தில் சுண்ணாம்புக்கல் குகையும், பள்ளத்தாக்கில் தடையின்றித் திரியும் பேராமைக் கூட்டமும் உண்டு. குகைக்குப் படிகள் உள்ளதால் அம்மாவை ஆமைகளிடம் அமர்த்திவிட்டு நீங்கள் இறங்குவது நல்லது.

இல் ஓ எய்க்ரெட் நடை ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தரை சமதளமே, ஆனால் பவளக்கல் கரடுமுரடாக இருப்பதால் அழுத்தமான அடித்தோல் உள்ள காலணி வேண்டும். படகில் ஏறி இறங்கும்போது மட்டும் ஒருவர் கைப்பிடித்து உதவுங்கள். கொசு அதிகம், நிழல் உண்டு, காலையில் புறப்படும் முதல் படகையே பதிவுசெய்யுங்கள். மகன் பைனாகுலரை மறக்க வேண்டாம்.

செந்தூல் வாசகர்:

போக்குவரத்து பற்றி ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். அங்கும் நம்மைப் போல இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் வாடகை வண்டி எடுப்பதில் சிரமமில்லை. ஆனால் ஷமரெல் மலைச்சாலை குறுகியது, பல வளைவுகள் கொண்டது, மாலையில் மழை பெய்தால் பனிமூட்டமும் சேரும். இருட்டுவதற்குள் கடற்கரைச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். போர்ட் லூயிசுக்கு வண்டியில் போக வேண்டாம், நெரிசல் அதிகம். க்யூர்பிப்பிலிருந்து மெட்ரோ ரயில் நேராகத் தலைநகருக்குச் செல்கிறது. த்ரூ ஓ செர்ஃப்பைக் காலையில் பார்த்துவிட்டு அதில் ஏறினால் ஆப்ரவாசி காட்டை மதியத்துக்குள் பார்த்துவிடலாம். சந்தைக்கு வெளியே சூடாக விற்கும் பருப்புப் பூரியை அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள்; காரம் தனியாகத் தருவார்கள், மிளகாய் குறைவாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.